ஃபோர் வீல் டிரைவ் கப்பலேறுகிறது: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய், மாதக்கணக்கில் அங்கேயே வைத்து ஓட்டத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1996 மாடல் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 இருக்கிறது. கூரையில் கேரியரும் மடக்குக் கூடாரமும் உண்டு. கன்டெய்னரில் அனுப்புவது நல்லதா, ரோ-ரோ கப்பலா?

பதில்: 20 அடி கன்டெய்னர். கூடாரத்தையும் கேரியரையும் கழற்றி வண்டிக்குள்ளோ, வண்டிக்கு முன்னால் கன்டெய்னர் தரையிலோ வைக்க முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

ரோ-ரோவில் துறைமுக ஆட்களே வண்டியை ஓட்டிக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். சாவி உங்கள் கையை விட்டுப் போய்விடும். வண்டி காணாமல் போவது அபூர்வம். உள்ளே இருக்கும் ஸ்பானர் செட், கம்ப்ரெஸர், ஃபிரிட்ஜ் போன்றவைதான் காணாமல் போகும். சாமான் ஏதும் இல்லாத வண்டியைத்தான் ஏற்றுவோம் என்று பல கப்பல் நிறுவனங்கள் சொல்வதும் இதனால்தான். சாமானோடு அனுப்பியே ஆக வேண்டுமென்றால், முன் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே கனமான பிளைவுட் தடுப்பு வைத்து, பின்பக்கத்திலிருந்து போல்ட் போட்டு முடுக்கி, பின்கதவுக்குத் தனிப் பூட்டு போடுங்கள். அந்தச் சாவியை யாரிடமும் தர வேண்டியதில்லை.

இன்னொன்று, ரோ-ரோ கட்டணத்தைக் கன மீட்டர் கணக்கில் போடுவார்கள். நீளம் 4.7, அகலம் 1.8, உயரம் 2.1 மீட்டர் என்றால் 17.8 கன மீட்டர் வரும். கூடாரத்தோடு உயரம் 2.5 ஆனால் 21.2. காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறீர்கள். பின்பக்கம் துருத்தி நிற்கும் ஸ்டெப்னியும் நீளத்தில் சேரும்.

கன்டெய்னர் என்றால் உட்புற உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 20 அடி கன்டெய்னரின் உள் உயரம் 2.39 மீட்டர் இருக்கும். கதவு வாசலின் உயரம் 2.28 மீட்டர்தான். வாசல் மேல்விட்டத்துக்கும் வண்டியின் கூரைக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். வண்டி உள்ளே ஏறும்போது ஸ்பிரிங் ஆடும். கேரியர் இல்லாத 110 ஏறத்தாழ 2.1 மீட்டர் என்பதால் தாராளமாக நுழையும். இருந்தாலும் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள உயரத்தை நம்பாமல், இப்போது மாட்டியிருக்கும் டயரோடு அளந்து பாருங்கள். ஓரிரு செ.மீ. இடித்தால் டயரின் காற்றழுத்தத்தை ஒரு பார் அளவுக்கு இறக்கினால் 2, 3 செ.மீ. கிடைக்கும். கம்ப்ரெஸர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் முதலில் தேவைப்படுவது அதுதான்.

அகலத்தில் வேறொரு சிக்கல். உள் அகலம் 2.35 மீட்டர், டிஃபெண்டர் 1.79. இரண்டு பக்கமும் சேர்த்து 56 செ.மீ. மிச்சம். வண்டியை நடுவில் நிறுத்தினால் டிரைவர் வெளியே வர முடியாது. டிரைவர் இல்லாத பக்கச் சுவரை ஒட்டி 12, 15 செ.மீ. மட்டும் விட்டு நிறுத்தினால் மறுபக்கம் 40 செ.மீ. கிடைக்கும். ஒல்லியான ஆளை ஓட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்கதவு வழியாக ஊர்ந்து வர வேண்டும். கண்ணாடிகளை முன்பே மடக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லேண்ட் குரூஸர் டிரூப் கேரியரில் கூரையைத் தூக்கும் அமைப்பு பொருத்தியிருக்கிறோம். உயரம் 2.45 மீட்டர். கன்டெய்னர் சாத்தியமா?

பதில்: சாதாரணக் கன்டெய்னர் முடியாது. 40 அடி ஹை-கியூப் கன்டெய்னரின் வாசல் 2.58 மீட்டர், அதில் போகும். நீளம் 12 மீட்டர் என்பதால் இரண்டு வண்டிகள் நிற்கும். அதே துறைமுகத்துக்குப் போகும் இன்னொருவரோடு பங்கு போட்டால் 20 அடியில் தனியாகப் போகிற செலவை ஒட்டி வரும். ஆனால் இருவரின் காகிதமும் ஒரே நாளில் சரியாக இருந்தால்தான் கன்டெய்னரைத் திறக்க விடுவார்கள். கூட்டாளியின் கார்னெட்டில் (வண்டிக்கான சுங்க உத்தரவாதப் புத்தகம்) ஒரு எழுத்து பிசகினாலும் உங்கள் வண்டியும் உள்ளேயே நிற்கும். அவருடைய காகிதங்களை உங்களுடையவை போலவே கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

கேள்வி: கார்னெட் என்கிறார்களே, அது என்ன? ஒரு வருடம் செல்லும் என்றால் ஒரே நாட்டில் ஒரு வருடம் தங்கலாமா?

பதில்: தங்க முடியாமல் போகலாம். இந்த விஷயத்தில்தான் பலருடைய திட்டம் கவிழ்கிறது.

கார்னெட் டி பசாஜ் என்பது வண்டிக்கான கடவுச்சீட்டு மாதிரி. ‘இந்த வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவருகிறேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன், கொண்டுபோகாவிட்டால் சுங்க வரியை இந்த ஆட்டோமொபைல் சங்கம் கட்டும்’ என்ற உத்தரவாதம் அது. எஃப்ஐஏ என்ற சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பில் சேர்ந்த ஆட்டோமொபைல் சங்கங்கள் தருகின்றன. சங்கம் தன் பணத்தைப் பாதுகாக்க உங்களிடம் ரொக்க வைப்போ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொள்ளும். வண்டியின் மதிப்பையும் நீங்கள் போகும் நாடுகளையும் வைத்து அந்தத் தொகை மாறும். பழைய வண்டிக்கு மதிப்பு குறைவு என்பதால் உங்களுக்கு இது சாதகம்.

ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதிகள். நாட்டுக்குள் நுழையும்போது கீழ்ப்பகுதியைக் கிழித்துக்கொண்டு மேல்பகுதியில் முத்திரை வைப்பார்கள். வெளியேறும்போது நடுப்பகுதியைக் கிழித்துக்கொண்டு மேல்பகுதியில் இரண்டாவது முத்திரை. புத்தகத்தோடு தங்குவது மேல்பகுதி மட்டும். அதில் இரண்டு முத்திரைகளும் இருந்தால்தான் உங்கள் வைப்புத்தொகை திரும்ப வரும். வெளியேறும் முத்திரையை வாங்காமல் எல்லையைத் தாண்டிவிட்டால், வண்டி இன்னும் அந்த நாட்டிலேயே இருப்பதாகத்தான் கணக்கு. கப்பலில் திருப்பி அனுப்பும்போது அதிகம் விட்டுப்போவது இந்த முத்திரைதான். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விமானம் ஏறிவிடாதீர்கள். தவறிப்போனால், வண்டி வேறு நாட்டில் இருக்கிறது என்று அங்குள்ள சுங்க அதிகாரி வண்டியை நேரில் பார்த்து எழுதிக்கொடுக்கும் இருப்பிடச் சான்றிதழைக் கொண்டு சரிசெய்யலாம். ஆனால் அலைச்சல் அதிகம்.

காலக்கெடு இரண்டு. ஒன்று, கார்னெட்டின் ஒரு வருடம். மற்றொன்று, அந்த நாடு வெளிநாட்டு வண்டிக்குத் தரும் அவகாசம். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் உங்கள் கெடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்னெட்டே தேவையில்லை, ஆனால் வெளியே வசிப்பவரின் வண்டிக்கு 6 மாதம்தான். தென் அமெரிக்காவில் பெரும்பாலும் எல்லையிலேயே தற்காலிக அனுமதித் தாள் கொடுக்கிறார்கள். சிலியில் 90 நாள், உருகுவேயில் 12 மாதம். அதனால்தான் அந்தக் கண்டத்தில் நீண்ட காலம் சுற்றுகிறவர்கள் நடுவில் ஊருக்குத் திரும்பும்போது வண்டியை உருகுவேயில் விட்டுவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் வெளிநாட்டவர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு வருடம் வைத்திருக்கலாம், விற்கக் கூடாது.

கார்னெட்டின் ஒரு வருடம் அது வழங்கப்பட்ட தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி வைத்தால், பயணத்துக்கு ஒன்றரை மாதம் போக, வண்டி கரையிறங்கும்போது எட்டரை மாதம்தான் மிச்சம். விண்ணப்ப வேலைகளை முன்பே முடித்துக்கொண்டு, தேதியை மட்டும் கப்பல் ஏற்றும் வாரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: வண்டி என் அப்பா பெயரில் இருக்கிறது. நான் கொண்டுபோகலாமா?

பதில்: போகலாம். உரிமையாளர் ஒப்புதல் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும், போகும் நாட்டு மொழியில் மொழிபெயர்ப்பும் வேண்டும், கார்னெட்டில் உரிமையாளர் யார், கொண்டுபோகிறவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இதையெல்லாம் விட, கிளம்புவதற்கு முன் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது மேல். எல்லையில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லும் வேலை மிச்சமாகும்.

கேள்வி: முந்தைய உரிமையாளர் வண்டியில் இன்ஜினை மாற்றியிருக்கிறார். ஆர்சி புத்தகத்தில் பழைய இன்ஜின் நம்பர்தான் இருக்கிறது. பிரச்சினை வருமா?

பதில்: நிச்சயம் வரும். இப்போதே சரிசெய்யுங்கள். துறைமுகத்தில் சுங்க அதிகாரி டார்ச் லைட்டோடு வந்து பார்ப்பது இரண்டு நம்பர்களைத்தான், சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும். ஆர்சி, கார்னெட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), இன்ஷூரன்ஸ் ஆகிய நான்கிலும் இருப்பது வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வண்டியைத் திருட்டு வண்டியாகச் சந்தேகிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதலில் பதிவு அலுவலகத்தில் இன்ஜின் மாற்றத்தைப் பதிந்து ஆர்சியைத் திருத்துங்கள், அதன் பிறகு கார்னெட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

பழைய வண்டியில் சேசிஸ் நம்பரே படிக்க முடியாமல் இருப்பதும் சகஜம். டிஃபெண்டரில் அது வலது முன்சக்கரத்துக்கு அருகே, ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு முன்னால், சேசிஸின் வெளிமுகத்தில் அடித்திருக்கும். சேறும் கல்லும் நேராக வந்து அடிக்கும் இடம். கிரைண்டரோ கரடுமுரடான உப்புத்தாளோ போடாதீர்கள். எழுத்தின் விளிம்பு தேய்ந்தால், நம்பரை அழித்து மாற்றியதுபோல் தோன்றும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸை எடுத்து, பித்தளைப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துருநீக்கித் திரவத்தைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். எழுத்து தெளிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து இரண்டு, மூன்று பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட். மேலே கறுப்பு பெயின்ட் அடிக்கவே கூடாது.

கேள்வி: வண்டி 25 வருடத்தைத் தாண்டிவிட்டது. பழசு என்பதால் நுழைய விடமாட்டார்கள் என்கிறார்களே?

பதில்: தற்காலிகமாகக் கொண்டுபோகிறவருக்கு வயது பெரும்பாலும் தடை இல்லை. நிரந்தரமாக இறக்குமதி செய்வதுதான் வேறு கணக்கு. பழைய வண்டி இறக்குமதியையே தடுக்கும் நாடுகள் பல. அமெரிக்கா நேரெதிர். தயாரித்த மாதத்திலிருந்து 25 வருடம் ஆனால் அவர்களுடைய பாதுகாப்புத் தர விதியிலிருந்தும், 21 வருடம் ஆனால் புகை விதியிலிருந்தும் விலக்கு உண்டு. புகை விலக்குக்கு வண்டி தயாரித்தபோதிருந்த அமைப்பிலேயே இன்ஜின் இருக்க வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டிக்காரர்கள் இதையும் கவனிக்கவும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறோம். வண்டியை நன்றாகக் கழுவினால் போதாதா?

பதில்: வாட்டர் சர்வீஸ் செய்வதை மனதில் வைத்துக்கொண்டு அனுப்பினால் வண்டி அங்கே நிற்கும். அவர்கள் தேடுவது மண், விதை, பூச்சி. ஒரு சிட்டிகை மண் கிடைத்தாலும் உங்கள் செலவில் மறுபடி கழுவச் சொல்வார்கள், மறுபடி சோதிப்பார்கள். அதுவரை கிடங்கு வாடகை ஓடும். மோசமான நிலையில் இருந்தால் திருப்பியே அனுப்பலாம்.

மண் ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். சேசிஸ் குழாய் போன்ற பெட்டி அமைப்பு, அதன் உள்ளே பல வருடத்துச் சேறு கட்டியாகிக் கிடக்கும். ஓட்டைகள் வழியே நீண்ட நாசில் நுழைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அடியுங்கள். முதல் அரை மணி நேரம் காப்பி நிறத்தில்தான் வரும். பிறகு பெட்ரோல் டேங்கின் மேல்புறம், முன் மட்கார்டுக்குள் இருக்கும் மடிப்பு, லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, கதவின் அடிப்பகுதி, சீட்டுக்குக் கீழுள்ள பெட்டி, கார்ப்பெட்டுக்கு அடியில், ஸ்டெப்னி ரிம்மின் பின்பக்கம். ரேடியேட்டர் துடுப்புகளில் புல் விதையும் செத்த பூச்சியும் சொருகியிருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள், அழுத்தம் கூடினால் துடுப்பு மடங்கிவிடும். ஏர் ஃபில்டரைக் கழுவ முயலாமல் புதிதாக மாற்றுங்கள், அதன் பெட்டியையும் துடையுங்கள். மண்வெட்டி, கூடார ஆணி, ஷூ, வின்ச் கயிறு எல்லாம் வண்டியைப் போலவே சோதனைக்கு உட்பட்டவை.

கழுவிய பிறகு மண் சாலையில் ஓட்டக் கூடாது. ஏற்றும் கன்டெய்னரின் தரையையும் நீங்களே பெருக்குங்கள். முந்தைய சரக்கின் மிச்சம் உங்கள் கணக்கில்தான் சேரும்.

பழுப்பு நாற்றப்பூச்சி என்று ஒன்று இருக்கிறது. அது இருக்கும் நாடுகளிலிருந்து செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கப்பலேறும் வண்டிகளுக்கு வெப்பமூட்டலோ புகைமூட்டலோ கட்டாயம். உங்கள் புறப்பாட்டு நாடும் இடையில் கப்பல் மாறும் துறைமுகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். முடிந்தால் மே முதல் ஆகஸ்ட்டுக்குள் அனுப்புங்கள்.

பழைய வண்டிக்கே உரிய இன்னொரு விஷயம் ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை. பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஆகியவற்றில் இருக்கலாம். ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லை’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சில நாடுகளில் சிறிதளவு இருந்தாலும் அப்படி அச்சிட அனுமதி உண்டு. சந்தேகமுள்ள பாகத்தை மாற்றிவிட்டு, பில்லையும் ஆய்வக அறிக்கையையும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: கன்டெய்னருக்குள் வண்டியை எப்படிக் கட்ட வேண்டும்? ஹேண்ட் பிரேக் போடலாமா?

பதில்: கட்டுவது அச்சைப் பிடித்து இருக்க வேண்டும், பாடியை அல்ல. பாடியைக் கட்டினால் கப்பல் ஆடும்போது ஸ்பிரிங் அமுங்கி எழும். அமுங்கும் நேரத்தில் பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். 50 மி.மீ. அகல ராட்செட் பெல்ட் நான்கு, முன்னச்சுக்கு இரண்டு, பின்னச்சுக்கு இரண்டு, குறுக்கே மாற்றிக் கட்டுங்கள். கன்டெய்னர் தரையோரம் இருக்கும் வளையம் ஒவ்வொன்றும் ஒரு டன் தாங்கும்படி செய்யப்பட்டது. அதனால் இரண்டு பெல்ட்டை ஒரே வளையத்தில் மாட்டாமல் பிரித்து மாட்டுங்கள்.

பெல்ட்டைச் சுற்றும் முன் அச்சுக் குழாயைக் கையால் தடவிப் பாருங்கள். அதன்மேல் பென்சில் தடிமனில் பிரேக் பைப் ஓடும். அதன்மேல் பெல்ட் விழுந்து ராட்செட் இறுகினால் பைப் நசுங்கும். அதை யாரும் பார்க்காமல் வண்டி இறங்கி ஓடத் தொடங்கும், முதல் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. பழைய கார்ப்பெட் துண்டை அடியில் வைத்து, பைப் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.

ஹேண்ட் பிரேக் கட்டி முடிக்கும்வரைதான். கடல் ஈரத்தில் மாதம் ஒன்றரை நின்றால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கட்டி முடித்ததும் எடுத்துவிட்டு, வண்டியை கியரில் விட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்து ஆணி அடியுங்கள். டிரான்ஸ்பர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் இல்லாமல் லோ ரேஞ்சில் இருக்கிறதா என்று பாருங்கள், நியூட்ரலில் இருந்தால் கியரில் விட்டதற்கு அர்த்தமே இல்லை. சிலர் ஹேண்ட் பிரேக்கை நம்பிக் கட்டையைக் குறைக்கிறார்கள். டிஃபெண்டரில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. பழைய வண்டியில் இடையிலுள்ள ஜாயின்டுகளின் தளர்வு அளவுக்கு வண்டி முன்னும் பின்னும் நகரத்தான் செய்யும்.

கட்டைக்குப் பயன்படும் மரத்துக்கும் விதி உண்டு. ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வெந்திருக்க வேண்டும், கோதுமைக் கதிர் முத்திரை தெரிய வேண்டும். கிடைத்த மரத்தை அறுத்துப் போட்டால் அதற்காகவே கன்டெய்னரை நிறுத்துவார்கள்.

கேள்வி: டீசல், பேட்டரி, கேஸ் சிலிண்டர் பற்றி?

பதில்: டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கேஸ் சிலிண்டரை ஏற்றவே வேண்டாம், காலியாக இருந்தாலும் வாதம் செய்ய நேரும், போன இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். உணவுப் பொருள் ஒன்றும் கூடாது. கன்டெய்னர் கூரையில் நீர் வியர்த்துச் சொட்டும் என்பதால் கால்சியம் குளோரைடு ஈரமுறிஞ்சிப் பைகளைத் தொங்கவிடுங்கள். 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையை ஏற்றுமதி செய்பவர் தராமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். வண்டியைச் சாமானோடு எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: கிளம்புவதற்கு முன் வண்டியில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? எவ்வளவு ஸ்பேர் எடுத்துப்போவது?

பதில்: பழைய வண்டியில் முதலில் ரப்பரைப் பாருங்கள், அதன் பிறகு இரும்பு. ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ், டீசல் குழாய், புஷ், ஆயில் சீல் ஆகியவை நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடம் ஆனவற்றை மாற்றுங்கள். டீசல் குழாய்க்கு வைட்டான் என்ற செயற்கை ரப்பர் வகை வாங்குங்கள். பயோடீசல் கலந்த டீசல் விற்கும் நாடுகளில் பழைய ரப்பர் ஊறிப் பருத்துக் கசியும். டிஃபெண்டரின் 300 டிடிஐ, லேண்ட் குரூஸரின் 1எச்இசட் இரண்டு இன்ஜினும் டைமிங் பெல்ட்டில் ஓடுபவை. கடைசியாக எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலேறும் வாரத்தில் எதையும் புதிதாகப் பொருத்தாதீர்கள். புதுப் பாகம் கெடுவதானால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கெடும். வேலையை மூன்று மாதம் முன்பே முடித்து, பயணத்துக்கு ஏற்றும் அதே பாரத்தோடு 1,500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஆயில் ஒழுகுகிறதா என்று அட்டை விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். சொட்டும் வண்டியை ரோ-ரோவில் ஏற்ற மறுப்பார்கள்.

எடுத்துப்போக: முன் சக்கர பேரிங் ஒரு செட், ஹப் ஆயில் சீல் நான்கு, யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டு, ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், மேல் கீழ் ஹோஸ், கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டருக்கு ரப்பர் கிட், டீசல் ஃபில்டர் ஆறு, ஆயில் ஃபில்டர் மூன்று, ஆல்டர்னேட்டர் பிரஷ், ஹெட் கேஸ்கெட் ஒன்று. ஹப் நட்டுக்கான பாக்ஸ் ஸ்பானரை மறந்துவிடாதீர்கள். டிஃபெண்டருக்கு 52 மி.மீ., லேண்ட் குரூஸருக்கு 54. பேரிங் கையில் இருந்து இந்த ஸ்பானர் இல்லாமல் வழியில் நின்றால், பக்கத்தில் யாரிடமும் கிடைக்காது. இதற்குமேல் அட்டைப் பெட்டி பிரிக்காத புதுப் பாகங்களை அடுக்காதீர்கள். சுங்கத்தில் வியாபாரச் சரக்கு என்று வரி கேட்பார்கள். பெட்டியைப் பிரித்து, துணி சுற்றி, பட்டியலில் ‘வண்டியின் உபரிப் பாகங்கள்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: கப்பல் பயணத்துக்கு இன்ஷூரன்ஸ் அவசியமா? வண்டியின் மதிப்பே குறைவு.

பதில்: மதிப்பு குறைவென்றாலும் எடுங்கள். 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் கப்பலில் தீப்பிடித்து, சுமார் 4,000 வண்டிகளோடு மார்ச் 1 அன்று மூழ்கியது. அது ஒரு பக்கம். அதிகம் பேருக்குத் தெரியாதது பொதுச் சேதப் பங்கீடு. கப்பலைக் காப்பாற்றச் செலவு செய்தாலோ சரக்கைத் தியாகம் செய்தாலோ, பத்திரமாக வந்த சரக்கின் சொந்தக்காரர்களும் பங்கு கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கிய பிறகு அறிவிக்கப்பட்டது இதுதான். இன்ஷூரன்ஸ் இருந்தால் நிறுவனம் உத்தரவாதம் தரும். இல்லாதவர் கையிலிருந்து வைப்புத்தொகை கட்டினால்தான் வண்டியைத் தருவார்கள்.

பாலிசியில் ‘ஏ’ பிரிவு விரிவானது, ‘சி’ பிரிவு பெரும் விபத்துகளுக்கு மட்டும். பழைய வண்டிக்கு ‘சி’ அல்லது முழு இழப்புக்கு மட்டும் தருபவர்களே அதிகம். கீறல், பள்ளம், தானாக வந்த மெக்கானிக்கல் கோளாறு சேராது. கன்டெய்னர் கதவை மூடும் முன், நான்கு பக்கமும் கூரையும் மீட்டரும் தெரியும்படி படம் எடுத்து, சீல் நம்பரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டி போய்ச் சேர்ந்த பிறகு துறைமுகத்திலிருந்து எடுக்க எத்தனை நாள் ஆகும்?

பதில்: காகிதம் சரியாக இருந்தால் மூன்று, நான்கு வேலை நாட்கள். சரியில்லாவிட்டால் வாரங்கள். பில் ஆஃப் லேடிங்கில் பெறுபவர் பெயர் கடவுச்சீட்டில் இருப்பது போலவே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதில்தான் நம்மவர்கள் மாட்டுவது வழக்கம். ஏஜென்ட் அனுப்பும் வரைவுப் பிரதியைக் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு திருத்துவதற்குக் கட்டணமும் உண்டு, நாளும் ஆகும்.

பில் ஆஃப் லேடிங்கின் மூலப்பிரதி மூன்று தருவார்கள். அதைக் கூரியரில் அனுப்பித் தொலைப்பதைவிட டெலக்ஸ் ரிலீஸ் கேளுங்கள், புறப்பட்ட துறைமுகத்திலேயே மூலத்தை ஒப்படைத்துவிட்டால் சேர்ந்த இடத்தில் காகிதம் இல்லாமலே விடுவிப்பார்கள். இலவச நாட்கள் எத்தனை என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். துறைமுகத்துக்குள் கன்டெய்னர் கூடுதலாக நின்றால் டெமரேஜ், காலிக் கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன், இரண்டும் தனித்தனி. விமான டிக்கெட்டைக் கப்பல் வந்து சேரும் தேதிக்கு ஏற்பப் போடாதீர்கள், கப்பல் தாமதமாகத்தான் வரும். கடைசித் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது உறுதியான பிறகு போடுங்கள்.

கேள்வி: ஓட்டுநர் உரிமம், ஹெட்லைட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

பதில்: 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தரும் சர்வதேச அனுமதி ஒரு வருடம்தான். 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தருவது மூன்று வருடம் வரை. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள், சிலருக்கு இரண்டும் தேவைப்படும். சாலையின் மறுபக்கம் ஓட்டும் நாடு என்றால் லோ பீம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பழைய வண்டிகளின் 7 அங்குல வட்ட விளக்குக்கு எதிர்ப்பக்கம் சாயும் லென்ஸ் எளிதில் கிடைக்கும், இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஐந்து மாதம் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய் ஓட்ட நினைக்கிறேன். அதுவரை வண்டியை அங்கே எப்படி விட்டுவருவது?

பதில்: முதலில் சுங்கம். வண்டி இல்லாமல் நீங்கள் மட்டும் வெளியேறுவதை அந்த நாடு அனுமதிக்கிறதா, வண்டியைச் சுங்கக் கிடங்கில் சீல் வைத்து விட வேண்டுமா, அப்படி விட்டால் காலக்கெடு நிற்குமா ஓடுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்னெட்டின் கடைசி நாள் நீங்கள் இல்லாத காலத்தில் வந்தால், கிளம்பும் முன்பே நீட்டிப்போ புதுக் கார்னெட்டோ ஏற்பாடு செய்தாக வேண்டும்.

வண்டிக்கு, கப்பலுக்குச் செய்ததற்கு எதிராக டேங்கை முழுக்க நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் ஈரம் வியர்த்து டீசலில் தண்ணீர் சேரும், அதில் பாசி போல நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். பழைய ஆயிலில் அமிலம் இருக்கும் என்பதால் புது ஆயில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். டயரில் ஒரு பார் கூடுதலாகக் காற்று, முடிந்தால் அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட். பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். கிளட்ச் பெடலை முழுக்க மிதித்து, பெடலுக்கும் சீட்டுப் பெட்டிக்கும் நடுவே அளவாக அறுத்த கட்டையைச் செருகுங்கள். செய்யாவிட்டால் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்ததும் கியரே விழாது. சைலன்சர் வாயிலும் ஏர் இன்டேக்கிலும் எலி புகாதபடி ஸ்டீல் வலைக் கம்பளியை அடைத்து, என்னென்ன அடைத்தீர்கள், கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு வாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் அதைப் படித்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், முதலில் கிளட்ச் கட்டை.